ஏலமலையில் கேமரா: படம்பிடிப்பவர்களுக்குச் சில கைக்குறிப்புகள்

கல்யாண வீடியோ, விவசாய யூடியூப் சேனல், ஏலக்காய்க் கம்பெனிக்கு விளம்பரம், குறும்படம் என்று ஏதாவது ஒன்றுக்காக போடிநாயக்கனூருக்கும் மேலே உள்ள தோட்டங்களுக்கும் கேமரா போய்க்கொண்டே இருக்கிறது. போகிறவர்கள் பெரும்பாலும் வண்டி நிறைய விளக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். இந்த மலையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேண்டாத நேரத்தில், வேண்டாத திசையிலிருந்து, வேண்டாத நிறத்தில் வரும். ஆகவே கூட்டுகிற சாமானைவிடக் குறைக்கிற சாமானுக்கே இங்கு வேலை அதிகம். கீழே உள்ளவை அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை.

1. போடியில் மாலைப் பொன்வெயிலை நம்பி ஆட்களைக் காக்க வைக்காதீர்கள். ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. நாள்காட்டியில் அஸ்தமன நேரம் என்னவென்று போட்டிருந்தாலும், அதற்கு வெகு முன்பே சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். குரங்கணி மாதிரி மலைமடிப்புக்குள் ஒடுங்கிய ஊர்களில் இன்னும் சீக்கிரம். இங்கே நல்ல வெயில் என்றால் காலை வெயில்தான். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம் கிழக்கு பார்த்த சரிவெல்லாம் தாழ்ந்த வெயிலில் குளிக்கும். அப்போதும் மலையை நேருக்கு நேர் பார்த்துக் கேமராவை வைத்தால் படம் தட்டையாக இருக்கும். வடக்கோ தெற்கோ திருப்பி வையுங்கள். மடிப்புக்கு மடிப்பு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக மலை எழுந்து நிற்கும். மாலை வெயில் இருந்தே தீர வேண்டும் என்றால் போடிமெட்டைத் தாண்டி, மேற்கு பார்த்த பூப்பாறைப் பக்கச் சரிவுக்குப் போங்கள்.

2. சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனதும் மூட்டை கட்டிவிடாதீர்கள். வானம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கும். அந்த வானம் முழுவதும் ஒரே மென்விளக்காக வேலை செய்கிற நேரம் அது. பேட்டி எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நிறம் மட்டும் நீலத்துக்குச் சாயும். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினிலிருந்து 6500, 7000 வரை ஏற்றிப் பாருங்கள்.

3. உச்சி வெயில் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். போடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியச் சூரியன் நேர் தலைக்கு மேலே. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். சித்திரை, வைகாசிக் கல்யாணத்தில் மதியம் குடும்பப் படம் எடுக்க நிழல் தேடினால், வீட்டின் தெற்குச் சுவர் ஓரத்தைப் பாருங்கள்.

4. ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதல் எதிரி பச்சை. ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே நிழல் மரங்கள், தோளுக்கும் மேலே உயர்ந்த ஏலச் செடிகள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இலையில் வடிகட்டியோ இலையில் பட்டுத் தெறித்தோதான் வருகிறது. நம் கண் அதைப் பழகிக்கொள்ளும், கேமரா பழகாது. முகத்தாடையின் கீழும் கண்ணின் கீழும் பச்சை ஏறி, காய் எடுக்கும் அக்கா காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி தெரிவார். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் நிலைமை மோசம். ஒரு ஷாட்டில் பச்சையைத் தணிக்க மெஜந்தாவைக் கூட்டும், அடுத்த ஷாட்டில் கைவிட்டுவிடும். எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது.

செய்ய வேண்டியது இது. அவர் நிற்கும் அதே நிழலில் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒயிட் பேலன்ஸ் எடுத்துப் பூட்டிவிடுங்கள். பிறகு, சட்டகத்துக்கு வெளியே அவர் காலடியில் ஒரு கறுப்புப் போர்வையை விரியுங்கள்; கீழிருந்து தெறிக்கும் பச்சை அடங்கும். முகத்துக்கு நிரப்பு வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளைக் காடாத் துணி அல்லது தெர்மாகோல். தங்க நிற, வெள்ளி நிற ரிஃப்ளெக்டரைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். அதை அடித்தால் அவர் கண்ணைச் சுருக்குவார், அத்தோடு அவர் வேலை பார்க்கும் இயல்பும் போய்விடும்.

5. இலைச் சந்தில் விழும் புள்ளி வெயில் அழகுதான், முகத்தில் விழாதவரை. முகத்தில் ஒரு புள்ளி வெளுத்து, பக்கத்தில் இருட்டு என்றால் எந்த கேமராவும் இரண்டையும் பிடிக்காது. 6 அடிக்கு 6 அடிச் சட்டத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டிய ஸ்கிம்மர் ஒன்றை ஆளின் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் சட்டம் நுழையாது என்றால், கரையில்லாத பழைய பருத்தி வேட்டியை நான்கு மூலையில் கயிறு கட்டி மரத்துக்கு மரம் இழுத்துவிடலாம். சலவை நீலம் போட்ட வேட்டி வேண்டாம், வெளிச்சமும் நீலமாகும்.

6. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மின்னும். போலரைசர் ஃபில்டரைச் சுழற்றினால் அந்த மினுக்கு விலகி, அடியில் உள்ள நிஜப் பச்சை வெளிவரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். முகம் குளோசப்பில் இருக்கும்போது கழற்றிவிடுங்கள். தோலின் மினுக்கும் சேர்ந்து போய்விடும்.

7. என்டி ஃபில்டர் இல்லாமல் மலைக்கு வராதீர்கள். கணக்கு எளிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் துளை எஃப் 16 என்பது ஃபிலிம் காலத்துச் சூத்திரம். வீடியோவுக்கு நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. அங்கேயே ஒரு ஸ்டாப் கூடிவிட்டது. பின்னணி மலை மங்கலாகத் தெரிய எஃப் 4 வைத்தால் இன்னும் 4 ஸ்டாப். மொத்தம் 5 ஸ்டாப்பைக் குறைக்க வேண்டும்: என்டி 32. லாக் முறையில் பல கேமராக்கள் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்குவதில்லை. இன்னும் 3 ஸ்டாப் சேர்த்து என்டி 256. ஷட்டரை ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் காற்றில் ஆடும் இலை வெட்டி வெட்டி ஆடும்.

8. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் பட்டை ஓடாது. செல்போனில் நொடிக்கு 30 சட்டகம் எடுத்தாலும் ஷட்டரை இந்த இரண்டில் ஒன்றில் பூட்டுங்கள். கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு எதற்கும் கட்டுப்படாது. பத்து நொடி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

9. காய் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை செய்ய அதிகம் பொறுமை வேண்டும், சாமான் குறைவாகப் போதும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைப் பொறுக்குகிற இடம். அவர்கள் பார்ப்பது நிறத்தையும் பருமனையும். காயின் பச்சையைப் பொறுத்தே விலை. அந்தப் பச்சையை நீங்கள் சாம்பலாக்கிவிட்டால் படம் எடுத்ததற்கே அர்த்தமில்லை. மலிவான எல்இடி பேனல் அதைத்தான் செய்யும். வாடகைக்கு எடுக்கும்போது சிஆர்ஐ 95-க்கு மேல் உள்ள விளக்கைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், நாலு ஏலக்காயை விளக்கின் கீழும் பிறகு வாசல் வெளிச்சத்திலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடத்துக்குள் போனதும் ட்யூப் லைட்டை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். பல இடத்தில் ஜன்னலே போதும். ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப் பக்கம் கறுப்புத் துணி என்று வைத்தால் முகங்களுக்கு வடிவம் கிடைக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ளவர் பளிச்சென்றும் வரிசையில் கடைசியில் உள்ளவர் இருட்டாகவும் தெரிந்தால், ஜன்னலுக்கு வெளியே தள்ளி ஒரு விளக்கை வைத்து உள்ளே அடியுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது விதி. விளக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். கூடத்துக்குள்ளேயே விளக்கை வைத்தால் இந்தச் சமன் கிடைக்கவே கிடைக்காது.

அணைத்தால் வேலை நடக்காது என்று மேஸ்திரி சொன்னால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கை நின்றால் அது யாருடைய கூலியிலாவதுதான் போய் விழும்.

10. ஒற்றை ஏலக்காயைக் குளோசப் எடுக்க, விளக்கை மேலிருந்து அடிக்காமல் மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். தோலின் வரிகள் ஒவ்வொன்றும் தெரியும். விளக்கின் முன் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினால் மினுக்கு அடங்கும்.

11. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் கேமராவோடு நேராக நுழையாதீர்கள். பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்து ஒரு கிலோவாகிறது. மீதி நான்கு கிலோ தண்ணீர் ஆவியாகி அந்த அறையில்தான் சுற்றுகிறது. வெப்பமோ 50 டிகிரி அளவில். குளிரிலிருந்து வந்த லென்ஸ் அந்த நொடியே பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். பக்கத்து அறையில் கேமராவைக் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற விட்டு, உள்ளே போய்ச் சட்டென்று எடுத்துவிட்டு வெளியே வாருங்கள். நீளமாக ஓடும் ஷாட்டை அங்கே திட்டமிடாதீர்கள்; சூட்டில் கேமரா தானாக நின்றுவிடும்.

12. பனிமூட்டத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தால் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். விளக்கு ஆளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும்; மூட்டமே ஒளிர்ந்து ஆளின் உருவத்தை வெட்டிக் காட்டும். மீட்டர் மூட்டத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும். அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ் மேயும், கையால் போடுங்கள். 8 பிட் கேமராவில் லாக் எடுக்க வேண்டாம். மூட்டத்தின் மெல்லிய ஏற்றஇறக்கம் எடிட்டிங்கில் படிக்கட்டாக உடையும். மூட்டத்தை எவ்வளவு நிதானமாகக் கையாளலாம் என்று பார்க்க, கொடைக்கானல் பக்கம் எடுக்கப்பட்ட ‘பேரன்பு’ (2019) படத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்.

13. மலையிலிருந்து இறங்கும்போதுதான் கேமராவுக்கு ஆபத்து. போடிமெட்டிலிருந்து போடிக்கு வருவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் கூடும். குளிர்ந்த கேமராவை ஊருக்குள் வந்ததும் வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல உடம்பெல்லாம் வியர்க்கும், உள்ளேயும்தான். மேலேயே, குளிரிலேயே, காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். மெமரி கார்டை மட்டும் மேலேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டால் காத்திருக்கும் அவசரம் இருக்காது.

14. லென்ஸில் பூஞ்சை பிடிப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சகஜம். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸை வையுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம்; ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, மாவுத்தூளை லென்ஸ் இடுக்கில் சேர்த்துவிடும்.

15. சரிவின் செங்குத்தைக் காட்ட அகன்ற லென்ஸை மேல்நோக்கிச் சாய்ப்பது பலரும் செய்கிற காரியம். சாய்த்ததும் சரிவு படுத்துவிடும். சரிவுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, குமிழ் பார்த்துக் கேமராவை மட்டமாக வைத்து, 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுங்கள். சட்டகத்துக்குள் நேராக நிற்கும் மரமோ ஆளோ ஒன்று இருக்க வேண்டும். கோணம் அதோடு ஒப்பிட்டுத்தான் புரியும். லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்துக்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்தான். மூட்டை சுமந்து ஏறி இறங்குகிறவனின் கதை. ஆளைச் சின்னதாக்கி மலையைப் பெரிதாக வைத்த சட்டகங்கள் அதில் நிறைய. குரங்கணிப் பக்கம் எடுத்த ‘மைனா’ (2010) படத்தில் சுகுமாரின் கேமரா அதே மலையை வேறு மாதிரி, பசுமையும் ஈரமுமாகப் பார்க்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இடம் ஒன்றாக இருந்தாலும் படம் ஒன்றாக வேண்டியதில்லை என்பது விளங்கும்.

16. சரிவில் ட்ரைபாடின் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒன்று மேல்பக்கம். விளக்கு ஸ்டாண்டில் பாரம் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால். ஆனி, ஆடிக் காற்றில் தேனி மாவட்டத்தில் குடை ரிஃப்ளெக்டர் நிற்காது. பறந்துபோய் யார் மேலாவது விழும். மணல் மூட்டையைக் கீழிருந்து சுமந்து போக வேண்டாம். காலிச் சாக்கை எடுத்துப் போய் அங்கேயே மண் அள்ளிக் கட்டிக்கொள்ளலாம்.

17. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் வெயில் வண்டியின் மறுபக்கம் போய்விடும். ஜீப்புக்குள் பேட்டி எடுக்கிறவர்கள் ஒரே வாக்கியத்தில் முகம் வெளுத்து, கறுத்து, மறுபடி வெளுப்பதைத் திருத்தவே முடியாமல் தவிப்பார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திப் பேச்சை எடுங்கள். ஓடும்போது வேடிக்கைக் காட்சிகளை மட்டும் எடுங்கள். ஜன்னல் விளிம்பில் கேமராவை வைக்க, துணிப் பையில் மொச்சைக் கொட்டையைத் தளர நிரப்பித் தைத்துக்கொண்டால் அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

18. வெயிலில் வேலை செய்கிறவர்களின் கறுத்த முகத்தைச் ‘சிவப்பாக்க’ எக்ஸ்போஷரை ஏற்றாதீர்கள். கல்யாண வீடியோவில் தொடங்கிய கெட்ட பழக்கம் இது. கறுத்த தோல் வெளிச்சத்தை மினுக்காகத் திருப்பித் தரும். அதற்கு வேண்டியது பெரிய, மென்மையான வெளிச்சப் பரப்பு. 4 அடிக்கு 8 அடி வெள்ளைத் துணியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் கன்ன எலும்பில் ஒரு கோடாக விழும். அந்தக் கோடுதான் முகம். ‘கர்ணன்’ (2021), ‘வாழை’ (2024) இரண்டிலும் இதைப் பார்க்கலாம்.

19. பழைய எஸ்டேட் வீட்டில் விளக்கைச் செருகுமுன் ஒயரிங்கைப் பாருங்கள். 5 ஆம்பியர் சாக்கெட்டின் உச்சவரம்பு 1150 வாட். பழைய ஆயிரம் வாட் பேபி விளக்கு ஒன்றோடு சரி. 95 வாட்-மணி பேட்டரியில் 100 வாட் விளக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாக எரியாது. மின்தடை வரும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்கு அப்பால் பள்ளத்தில் நிறுத்தினால் சத்தம் மலையோடு போகும்.

20. ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் திரை முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் பட்டை தெரிந்தால் குளோசப்புக்கு ஷட்டரை 1/60 வைத்துப் பாருங்கள்; ஹாலை அகலமாகக் காட்டும்போது 1/50-க்குத் திரும்புங்கள். திரையில் ஓடும் விலையும் பெயரும் பிறருடையவை. அனுமதி கேட்டபிறகே ஃபோகஸ் போடுங்கள்.

21. மருந்தடிக்கும் காட்சி எதிர்வெயிலில் கண்ணைப் பறிக்கும். ஏலம் மருந்து அதிகம் வாங்கும் பயிர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்றின் மேல்பக்கம் நின்று, தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுங்கள். லென்ஸ் முன் ஒரு யுவி ஃபில்டர் இருக்கட்டும். முடிந்ததும் கேமராவைத் துடைத்த துணியை அப்படியே பைக்குள் திணிக்காதீர்கள்.

22. காய்ந்த புல்வெளியில் புகை மூட்டம் போட, பந்தம் கொளுத்த, எந்த இயக்குநர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீ மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காட்டுக்குள் படப்பிடிப்புக்கு வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும்; எல்லையைத் தாண்டினால் கேரள வனத்துறையிடம் தனியாக.

23. ட்ரோனுக்கும் அதே காட்டு அனுமதி பொருந்தும். தவிர, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவை. சரிவில் ஒரு சிக்கல் உண்டு. ட்ரோன் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. மலைமேல் நோக்கிப் பறந்தால் தரை தானாகக் கிட்டே வரும். திரையில் 60 மீட்டர் என்று காட்டும்போதே மரக்கிளையில் மோதலாம். மேலேயிருந்து கிளப்பிக் கீழ்நோக்கிப் பறக்கவிடுவது பத்திரம்.

24. ஒரே கார்டை நம்பி மலையிறங்காதீர்கள். மதிய உணவு இடைவேளையில் ஒரு நகல், இரவில் இன்னொன்று. இரண்டும் இரண்டு பேரின் பையில்.

25. 2023 ஜூன் முதல் போடிக்கு மறுபடி ரயில் வருகிறது, சென்னையிலிருந்து நேராகவே. சென்னை வண்டி தினசரி இல்லை என்பதால் வாடகை நாள்களை ரயில் நாள்களோடு பொருத்திப் போடுங்கள். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் லென்ஸுக்கும் வாடகை ஓடும்.

26. மழைக்காலத் தோட்டத்தில் கேமராப் பையைத் தரையில் வைக்காதீர்கள். கிளையில் தொங்கவிடுங்கள். அட்டை ஏறிவிட்டால் உப்போ புகையிலைத் தூளோ போதும். ஆனால் அந்தக் கையால் லென்ஸைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.